ஒட்டுச்செடி

தம்பி வேலைக்காக வெளியூர் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்த ரோஜா முதல் முறையாக விரிந்தது. பின்பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில், உறைந்த ரத்தத்தின் நிறத்தில், ஒரே ஒரு பூ. அதன் வாசனை சமையலறையைக் கடந்து, தையல் மெஷின் கிடந்த முன்னறை வரைக்கும் வந்திருந்தது.

அக்கா போய்ப் பார்ப்பதற்குள் அவன் அதைப் பறித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

"பஸ்ல போறவனுக்கு எதுக்குடா பூ?"

"யாராவது கேட்டா எங்க அக்கா வளர்த்ததுன்னு சொல்லுவேன்." பெட்டியைத் தூக்கியவன் வாசலில் நின்று திரும்பினான். "என் கல்யாணம் இந்த வீட்லதான்கா. கடைப்பூ ஒண்ணுகூட உள்ள வரக்கூடாது. எல்லாம் இந்த ரோஜாதான். அதுக்குள்ள செடியைப் பெருசாக்கிடு."

"பொண்ணு யாருன்னே தெரியாது, பூவுக்கு ஆர்டர் குடுத்துட்டான் பாரு துரை!" என்று மாடிவீட்டு நர்ஸ் படியில் நின்றபடி சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு, பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைத்துத் தைத்தே அவனை ஆளாக்கியவள் அவள். தன்னைக் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "தம்பி படிப்பு முடியட்டும்" என்றாள். படிப்பு முடிந்தபோது கேட்க ஒருவரும் இல்லை. அதனால், அவன் வாசலில் போகிற போக்கில் சொன்னதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடக்கும். அது அவள் பூவால் மணக்கும்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டாள். டீத்தூள் சக்கையைக் காயவைத்துப் போட்டாள். வெயில் நகர நகரத் தொட்டியையும் இழுத்து நகர்த்தினாள். "ஐசியூல இருக்கறவங்களைக்கூட நாங்க இப்படிப் பார்த்துக்கறதில்லம்மா" என்றாள் நர்ஸ்.

ஒரு பெருமழைக்குப் பிறகு செடி சுணங்கியது. மேல்கிளைகள் நுனியிலிருந்து கறுத்து வந்தன. ஆனால் அடியில், மண்ணை ஒட்டி, இரண்டு கிளைகள் பச்சைப் பசேலென்று சீறிக் கிளம்பின. அக்கா படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். நாலைந்து நாள் கழித்துப் பதில் வந்தது: "பழசை வெட்டிடு. புதுசை விடு." படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறானா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. படித்த பிள்ளை, தெரிந்துதான் சொல்வான்.

துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலாலேயே வெட்டினாள். தண்டின் அடியில் மூட்டுப்போல் ஒரு புடைப்பு இருந்தது. தையலில் சின்னப் புடைப்பு தெரிந்தால்கூடப் பிரித்துத் தைக்கிற கை அவளுடையது, சும்மா இருக்குமா? கத்தரிக்கோலுக்கு மசியாத அதைக் காய் நறுக்கும் கத்தியால் அறுத்து, வழவழவென்று சீவி எடுத்தாள். தண்டு பார்க்க லட்சணமாகிவிட்டது.

புதுக்கிளைகள் சுவர் உயரத்துக்கு வளர்ந்தன. வருகிறவர்கள் எல்லாம் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அடுத்த பருவத்தில் கொத்துக் கொத்தாக மொட்டு விட்டன. விரிந்தபோது, வெளிறிய ரோஸ் நிறத்தில் ஐந்தே இதழ். அக்கா முகத்தை உள்ளே புதைத்து முகர்ந்தாள். வெறும் இலை வாடை.

ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு, செடி வாங்கிய நர்சரிக்கு ஓடினாள். நர்சரிக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"முடிச்சு மாதிரி ஒண்ணு இருந்திச்சே, அது எங்க?"

"அசிங்கமா இருந்திச்சு. சீவிட்டேன்."

"போச்சு! அதுதாம்மா ஒட்டு. அதுக்கு மேல இருந்தது உங்க சிவப்பு. கீழ இருக்கறது காட்டு ரோஜா, வேருக்காக வச்சது. மண்ணுல கிடந்து தண்ணி இழுத்து மேல அனுப்புறது மட்டும்தான் அதோட வேலை. ராணியை வெட்டிட்டு வேலைக்காரியை வளர்த்து வச்சிருக்கீங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"ஏன், வேலைக்காரி பூக்கக் கூடாதா?"

"பூக்கட்டுமே. யாரு கேட்டு வரப்போறா?"

அந்தச் சிவப்பு மறுபடி கிடைக்குமா என்று கேட்டாள். தாய்ச்செடி நின்ற தோட்டத்தில் இப்போது கார் ஷெட் நிற்கிறதாம். வேறு சிவப்பு வேண்டுமானால் தருகிறேன் என்றார். முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்துவிட்டாள்.

தம்பியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "செடி எப்படிக்கா?" என்று அவன் எப்போதாவது கேட்டால், "அதுக்கென்ன, ஜோரா இருக்கு" என்பாள். பிறகு அவன் கேட்பதையும் விட்டுவிட்டான். ஆனாலும் போன் மணி அடித்தால் அவள் கண் முதலில் பின்பக்கத்துத் தொட்டிக்குத்தான் போகும். கல்யாணம் என்று வந்து நின்று பூ எங்கே என்றால் என்ன சொல்வது? பூச்சி விழுந்தது என்பதா, ஆடு கடித்தது என்பதா? மெஷினை மிதித்துக்கொண்டே பொய்களைத் தைத்துப் பார்த்தாள். ஒன்றும் அளவுக்குப் பொருந்தவில்லை. காட்டு ரோஜாவைப் பிடுங்கிப் போடவும் மனம் வரவில்லை. கேட்பாரில்லாமல் அது பூத்துத் தள்ளியது.

வருடங்கள் போன பிறகு, ஒரு மத்தியானம், சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது போன் மினுங்கியது. தம்பியின் மெசேஜ்தான்.

"அக்கா, அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம். இங்கயேதான். பொண்ணு வீட்டுல எல்லா ஏற்பாடும் பண்ணிட்டாங்க, அவ்வளவு தூரம் நீ அலைய வேண்டாம். பூவுக்கும் கவலைப்படாதே, நம்ம வீட்டுது மாதிரியே கருஞ்சிவப்பு ரோஜா இங்க கடையிலயே கிடைக்குது. வாசனைதான் இல்ல. போட்டோல யாருக்குத் தெரியப்போகுது?"