அத்தைக்கு வந்த நோட்டீஸ்

எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கிணறு வெட்ட வாங்கிய கடனுக்கு, வெள்ளைக்காரனும் கப்பலேறிப் போய், அவரும் செத்து, நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு நோட்டீஸ் வந்தது. விவசாயிகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் அந்தக் கடனைத் தக்காவி என்பார்கள். தாத்தா பாதியைக் கட்டியிருந்தாராம். மிச்சத்தை அவரும் மறந்துவிட்டார், சர்க்காரும் மறந்துவிட்டது. பிறகு சர்க்காருக்கு மட்டும் ஞாபகம் வந்துவிட்டது.

திண்டுக்கல் பக்கம் அகரத்துக்கு மேற்கே எங்கள் ஊர். உச்சி வெயிலில் தலையாரி வந்தபோது அப்பாவும் பெரியப்பாவும் களத்தில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து கூடைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த அத்தையிடம் போனார்.

"இது உங்களுக்குங்க ஆத்தா. வாங்குனதுக்கு இதுல ஒரு கைநாட்டு வைங்க."

அத்தை மட்டுமல்ல, எல்லோருமே நிமிர்ந்து பார்த்தார்கள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள், பெரியப்பாவுக்கு இளையவள். குஜிலியம்பாறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய், பிள்ளையில்லாமல் புருஷனையும் பறிகொடுத்து, ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தவள். மாட்டுக் கொட்டத்தை ஒட்டிய சாய்ப்பில் படுக்கை. விடியுமுன் மல்லி பறித்து, திண்டுக்கல் பூக்கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, காசைக் கொண்டுவந்து பெரியப்பாவிடம் கொடுப்பாள். தாத்தா புகையிலை போட்டுச் சம்பாதித்து வாங்கிய நிலம் பாதி பெரியப்பாவுடையது, பாதி எங்களுடையது. அத்தைக்கு எங்கள் வீட்டில் சோறு உண்டு. இதில் ஏதாவது குறை இருப்பதாக எனக்கோ வேறு யாருக்குமோ தோன்றியதில்லை.

அவளுக்கு வந்த காகிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். வாரிசு என்று போட்டு அவள் பெயர் எழுதியிருந்தது. அத்தைக்கு அத்தை என்பதைத் தவிர இன்னொரு பெயர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் சொத்தை ஜப்தி செய்வோம் என்பதுவரை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அவள், "எம்பேரு இருக்கிற எடத்த மட்டும் இன்னொருக்கா படி" என்றாள்.

பெரியப்பா கணக்குப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் திண்டுக்கல்லில் ஜமாபந்தி. தாலுகா ஊர்களின் வரிக்கணக்கையெல்லாம் பெரிய ஆபீசர் உட்கார்ந்து பார்ப்பார், மனுவும் வாங்குவார். ஏழைப்பட்ட குடும்பம் என்று சொல்லித் தள்ளுபடி கேட்கலாம் என்று கணக்குப்பிள்ளை யோசனை சொல்லி, கையோடு ஒரு காகிதமும் எழுதிக் கொடுத்திருந்தார்.

"பொம்பளை பேரைத் தெரியாம சேத்துப்புட்டான். இதுல ஒரு கைநாட்டு வச்சிரு, உம்பேரை எடுத்துருவாங்க. ஒனக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு?" என்றார் பெரியப்பா, மிகவும் பிரியமாக.

அத்தை மைப்பெட்டியைத் தொடவில்லை. "படி" என்று என்னிடம் நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் படிப்பதைப் போல நிமிர்ந்து நின்று படித்தேன். "மேற்படி கடனிலோ, என் தகப்பனார் சொத்திலோ எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை." பாத்தியம் என்ற சொல்லில் தடுக்காமல் போனது எனக்குப் பெருமையாக இருந்தது. அர்த்தம் தெரியாது. பெரியப்பா என்னை முறைத்தது ஏன் என்றும் தெரியாது.

"சொத்துன்னு எதுக்குண்ணே வருது? கடன்தான வந்திருக்கு."

"எல்லாம் ஒண்ணுதான். வையி."

"எல்லாம் ஒண்ணுன்னா யோசிக்கணும்ல."

சாக்கு ஊசியை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராக வந்து சொல்லிப் பார்த்தார்கள். அத்தை யாரிடமும் சண்டை போடவில்லை. கைநாட்டும் வைக்கவில்லை. பொழுது விடிந்தால் பூக்கூடையோடு பஸ் ஏறினாள்.

ஜமாபந்தி அன்று அவளும் கிளம்பினாள். காகிதம் படிக்க நான் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டாள். தாலுகா ஆபீஸ் வளாகத்தில் மரத்துக்கு மரம் ஒரு ஊர் ஜனம். எங்கள் ஊரைக் கூப்பிடும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஆபீசர் மேஜைக்கு முன்னால் பெரியப்பா குனிந்து நின்று, மழையில்லாததையும் குடும்பக் கஷ்டத்தையும் ஒப்பித்தார்.

"கெணறு இருக்கா?" என்று கேட்டார் ஆபீசர்.

"இருக்குதுங்கய்யா."

"தண்ணி?"

பெரியப்பா கொஞ்சம் தயங்கி, "கெடக்குதுங்கய்யா" என்றார்.

"அப்ப தள்ளுபடி இல்ல. தவணை வேணும்னா தர்றேன்."

கணக்குப்பிள்ளை இடையில் புகுந்து, "இன்னொண்ணுங்க. இதுல ஒரு அம்மா பேரு தவறுதலா வந்துருச்சு, அதை மட்டும் எடுத்துரணும்" என்றார்.

"தவறு இல்லைங்கய்யா" என்றாள் அத்தை. அவள் குரல் அந்தக் கூட்டத்தில் நன்றாகவே கேட்டது. "கடன் வாங்குனது எங்கப்பன். என்னையும் வாரிசுன்னு சர்க்கார் எழுதி அனுப்பியிருக்கு. அது நெசமா பொய்யான்னு ஐயாதான் சொல்லணும்."

"கட்டிக்குடுத்த பொண்ணுங்கய்யா. அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க" என்றார் பெரியப்பா.

ஆபீசர் அப்பாவைப் பார்த்தார். "இந்த அம்மா உங்களுக்கு யாரு?"

அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. அண்ணன் முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான். பெரியப்பாவை ஒருதரம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு, "கூடப் பொறந்த அக்காங்கய்யா" என்றார்.

"அப்ப வாரிசுதான். இப்ப சட்டமும் அதான் சொல்லுது."

"கடனுக்கு மட்டுமாங்கய்யா?" என்று கேட்டாள் அத்தை.

ஆபீசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "கடனுக்கு மட்டும்னு ஒரு வாரிசு கெடையாதும்மா."

அத்தை கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். நேரே கடைவீதிக்குப் போய், காதில் கிடந்த கல் கம்மலைக் கழற்றி விற்றாள். மறுநாள் பூப்போடப் போனபோது தன் பங்குக் கடனை, தவணை கேட்காமல், முழுசாகக் கட்டிவிட்டாள். கட்டவேண்டாம் என்று எல்லோரும் சொன்ன கடனைத் தேடிப்போய் வாங்கிக்கொண்டு, மூளிக்காதோடு பஸ்ஸில் வரும் பெண்ணை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு காசு கையில் வைத்திருந்தும் கடைவீதியில் எனக்கு ஒரு முறுக்குகூட வாங்கித் தரவில்லை என்ற கோபமும் இருந்தது.

வீட்டில் அதற்குப் பிறகுதான் கூச்சல். பெரியப்பா களத்தில் நின்று சத்தம் போட்டார். "நெலம் வேணும்னா கோர்ட்டுக்குப் போ."

"போறேண்ணே. தெனம் பூவோட திண்டுக்கல்லுக்குப் போறவதான. கோர்ட்டும் அங்கனதான இருக்கு."

அன்றிலிருந்து அத்தை எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. சாய்ப்புக்கு வெளியே கல் கூட்டி, தனியாக உலை வைத்தாள். பூக்காசையும் பெரியப்பாவிடம் கொடுக்கவில்லை. அம்மா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தைக் கிண்ணத்தில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவாள். அத்தை கிண்ணத்தைக் கழுவி, வெறுமையாகத் தராமல், ஒரு கை பூவைப் போட்டுத் தருவாள். வாங்கிக்கொண்டாளா, திருப்பிக் கொடுத்தாளா என்பது எனக்கு விளங்கவே இல்லை. பெரியப்பா அப்பாவோடும் பேச்சை நிறுத்தியிருந்தார். கிணற்றடியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கமலை இறைத்தார்கள்.

அத்தை உண்மையிலேயே ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டாள் என்று ஊருக்குள் பேச்சு வந்த பிறகுதான் பெரியப்பா இறங்கி வந்தார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் பேசி முடித்தார்கள். நிலத்தை மூன்றாகப் பிரிப்பது. கிணற்றை ஒட்டிய நடுத்துண்டு அத்தைக்கு. தண்ணீர் மூவருக்கும் முறை வைத்து.

அளந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடம் லீவு. பெரியப்பா தன் பக்கத்து எல்லையில் கயிற்றைத் தானே பிடித்து, ஒரு விரற்கடைகூடப் பிசகாமல் அளந்து, கல்லை ஊன்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். பெரியவர்களும் அவர் பின்னாலேயே போனார்கள்.

எங்கள் பக்கத்து எல்லை மிச்சம் இருந்தது. அப்பாவும் அத்தையும் நானும் மட்டும்தான். கயிற்றின் ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டேன். அப்பா அளந்துகொண்டே போய், முளைக்குச்சி அடித்திருந்த இடத்தில் நின்றார். செத்த நேரம் நிலத்தையே பார்த்தார். பிறகு குச்சியைத் தாண்டி, எங்கள் நிலத்துக்குள் ஒரு பாத்தி தள்ளிப் போய், அங்கே கடப்பாரையைப் போட்டார்.

"அப்பா, கல்லு நம்ம பக்கம் தள்ளி வருது" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னும் பலமாகக் கத்தினேன்.

"நீ சும்மா இரு" என்றார், குழியைத் தோண்டிக்கொண்டே.

அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். ஏதோ சொல்ல வந்தவள் போல, "தம்பி" என்று ஆரம்பித்தாள். அப்பா கல்லைத் தூக்கிக் குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, காலால் மிதிக்கத் தொடங்கிவிட்டார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, அடுப்படியில் இருந்த அம்மாவிடம், அப்பா தப்பாக அளந்து நம் நிலத்தில் ஒரு பாத்தியை விட்டுவிட்டார், அவருக்குக் கணக்கே வரவில்லை என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

அம்மா கொஞ்சம்கூடப் பதறவில்லை. "ஆமாத்தா, அவருக்கு வராது" என்று சொல்லிவிட்டு, அப்பா வருவதற்குள் ஆறிவிடும் என்று குழம்புச்சட்டியை மூடி வைத்தாள்.