நான்கு பரிசல்களும் கரையேறிய காலை

கோமுகி அணையின் அக்கரையில் இருக்கும் புங்கன்துறைக்கு எப்படிப் போவது என்று நண்பர்கள் சிலர் இவ்வலைப்பூவில் கேட்டிருந்தீர்கள். கடந்த தை மாதம் போய்வந்தேன். வழியும் கட்டணமும் இறுதியில் தந்திருக்கிறேன். ஆனால் அவ்வூருக்கு நான் முதன்முதலில் போனது காட்சி காண்பதற்காக அன்று. எண்பதுகளின் பிற்பகுதியில், இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த ஒரு புரட்டாசியில், மறியலுக்கு ஆள் திரட்டப் போனேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மேடையில் பேசுவதே என் பணி. மறுநாள் விடியல் முதல் மாவட்டச் சாலைகள் அனைத்தையும் மறிப்பதென முடிவாகியிருந்தது. அணையைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் என் பங்காக ஒதுக்கப்பட்டிருந்தன.

விருத்தாசலத்திலிருந்து தொடர்வண்டியில் சின்னசேலம் வந்து இறங்கியபோது பகல் ஒன்றேகால். அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் ஒன்றரை ரூபாய். கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் வழியாக அணைக்கரைக்கு ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர். கட்டணம் ஒரு ரூபாய் இருபது காசு. கரும்பு வயல்களுக்கு இடையே பேருந்து ஓடியது. சாலையோரப் புளியமரங்களில் சிலவற்றின் அடியில் கோடரிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவற்றைப் பார்த்து என் நெஞ்சு நிமிர்ந்தது.

அணைக்கரையில் ஒரு தேநீர்க்கடை. மாலை நான்கரைக்குப் பரிசல்காரர் ஏழுமலை அங்கே காத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், உப்புக்கண்டம் போல் உலர்ந்த உடல். புறப்படும் வேளையில் கடைக்காரர் ஓர் உறையைக் கொண்டுவந்து நீட்டினார். அக்கரைக்கு அஞ்சல்காரர் போவதில்லை. மடல்களைக் கடையில் கொடுத்துவிடுவார்.

“ஏழுமல, ஒம் பொண்ணுக்குக் கவர் வந்துகீது. சர்க்கார் முத்திர குத்திகீது பாரு.”

“இன்னாவாம்?”

“ஒட்டிகீற கவர நான் எப்டிய்யா படிப்பேன்? அஞ்சலகிட்ட குடு, படிச்சிச் சொல்லும்.”

ஏழுமலைக்கு எழுத்துத் தெரியாது. உறையைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துத் துடுப்பை எடுத்தார்.

கடப்பதற்கு முப்பத்தைந்து மணித்துளிகள். கட்டணம் ஐம்பது காசு. கல்வராயன் மலை முழுவதும் நீரில் தலைகீழாகக் கிடந்தது. துடுப்பு நீரைத் தொடும்போதெல்லாம் மலை உடைந்து, மீண்டும் கூடியது. நீர் நடுவில் எந்த ஓசையும் இல்லை. அந்த அமைதியை நான் மதிக்கவில்லை. வழி நெடுக ஏழுமலையிடம் ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே சென்றேன். அவர் துடுப்பைப் பாதியில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். “எங்க ஊட்டுப் பொண்ணு பன்னண்டாவது படிச்சிட்டு சும்மா குந்திக்கினுகீதுங்க. அதுக்கும் வேல கெடைக்குங்களா?” என்றார். “அதற்குத்தான் இப்போராட்டம்” என்றேன்.

புங்கன்துறையில் அப்போது முப்பத்திரண்டு வீடுகள். அனைவரும் கரையிலிருந்த புங்கமரத்தடியில் கூடினார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். என் வாழ்வில் நான் பேசிய நல்ல பேச்சுகளில் அதுவும் ஒன்று என்று இன்றும் நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. “நாளை சக்கரம் சுழலலாகாது; துடுப்பும் நீரைத் தொடலாகாது. இந்த மண்ணில் எதுவும் நகரவில்லை என்றால்தான் கோட்டையில் இருப்பவர்களின் மனம் நகரும்!” என்று முடித்தேன். முன்வரிசையில் இருந்த ஏழுமலை எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“நாளிக்கு நாலு பரிசலும் தண்ணில எறங்காதுங்க. இது நம்ம வாக்கு.”

ஊரே ஆம் என்றது. பின் வரிசையில் நின்ற அவர் மகள் அஞ்சலையும் கைதட்டினாள். அவள் கல்வி கற்ற கதையை அன்று ஊரார் பெருமையோடு சொன்னார்கள். நாள்தோறும் பரிசலில் கடந்து, தேநீர்க்கடையில் விட்டுவைத்திருந்த மிதிவண்டியில் பள்ளிக்குப் போனவள். அவ்வூரில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் ஆள். செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் தந்தையோ அன்றிரவு உணவுண்ணும்போதும் என் பேச்சையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் இருந்த உறை அவர் நினைவிலேயே இல்லை. எனக்கும் இல்லை.

இனி, அவ்வூரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பரிசல் என்பது மூங்கில் கூடை. அதன்மேல் கோணி போர்த்தித் தார் பூசியிருப்பார்கள். கோணி இற்றுவிட்டால் உரித்தெறிந்து, புதிதாகத் தைத்து, தாரை உருக்கிப் பூசி, ஒரு பகல் முழுதும் வெயிலில் காயவிட வேண்டும். தார்ச்சட்டியை அடுப்பில் ஏற்றுவது எளிய வேலை அன்று. ஆகவே ஒருமுறை ஏற்றினால் ஊரில் உள்ள எல்லாப் பரிசல்களுக்கும் சேர்த்தே பூசிவிடுவார்கள். எப்போதும் யாரேனும் ஒருவருக்கு அக்கரையில் வேலை இருக்கும் என்பதால் அந்த நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். எவரும் கடக்கப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த நாள் அவர்களுக்கு வாய்த்தது அந்த மறியல் நாளில்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் கரைக்கு வந்தபோது நான்கு பரிசல்களும் கவிழ்ந்து கிடந்தன. நான்கின் தோலும் உரிக்கப்பட்டிருந்தது. நான்கு மூங்கில் எலும்புக்கூடுகள். பக்கத்தில் தார் கொதித்துக்கொண்டிருந்தது.

கூழ் கொண்டுவந்த அஞ்சலை, புங்கமரக் கிளையில் மாட்டியிருந்த தந்தையின் சட்டையை எடுத்து மடிக்கப்போனாள். உறை கீழே விழுந்தது. பிரித்துப் படித்தாள். நீரைப் பார்த்தாள். பிறகு பரிசல்களைப் பார்த்தாள்.

“இன்னாம்மா?” என்றார் ஏழுமலை.

“நர்ஸ் ட்ரெய்னிங்குக்கு இன்டர்வியூப்பா. கள்ளக்குறிச்சில. பதினோரு மணிக்கு.”

“என்னிக்கு?”

“இன்னிக்கி.”

தார்க்கரண்டி அவர் கையிலேயே நின்றது. கரையில் இருந்த அனைவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்னர் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் சினம் இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நீரைச் சுற்றிக் காட்டுவழியில் அணைக்கரைக்கு எட்டு கிலோமீட்டர். 7.20-க்குப் புறப்பட்டோம். நானும் வருவேன் என்றேன். மறியலில் நிற்பவர்கள் எம்மவர்கள், என் சொல் செல்லும் என்று நம்பினேன். சான்றிதழ்களை ஒரு துணிப்பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி அஞ்சலை முன்னால் நடந்தாள். இரண்டு ஓடைகள் குறுக்கிட்டன. தேநீர்க்கடையை அடைந்தபோது 9.15. அவள் பழைய மிதிவண்டிக்குக் கடைக்காரர் காற்றடித்துக் கொடுத்தார். நான் மிதிக்க, அவள் பின்னால் அமர்ந்துகொண்டாள்.

மறியலுக்காக வெட்டிச் சாய்த்த முதல் மரம் இரண்டாவது கிலோமீட்டரில் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. என்னைக் கண்டதும் ஆர்ப்பரித்தார்கள்.

“அண்ணன் வந்துட்டாரு டோய்! வாங்கண்ணே, ரெண்டு வார்த்த பேசிட்டுப் போங்க.”

“இந்தப் பெண்ணுக்கு நேர்காணல். விரைந்து போக வேண்டும்” என்றேன்.

“போங்கண்ணே, ஒங்கள யாரு தடுத்தா? ஆனா பேசாம போனீங்கன்னா பசங்க மனசு ஒடஞ்சிடும். காலைலேர்ந்து ஒங்களுக்காகத்தான் குந்திக்கினுகிறோம்.”

பேசினேன். பதினைந்து மணித்துளிகள் போயின. வடக்கனந்தலை ஒட்டிய இரண்டாம் மரத்தடியில் மாலையே வைத்திருந்தார்கள். அங்கே இருபது. நான் கெஞ்சினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் கொடியவர்கள் அல்லர். நான் ஊர் ஊராகச் சென்று மூட்டிய அன்பு அது. அதை அன்று என்னாலேயே அணைக்க முடியவில்லை.

மூன்றாம் மரத்தை அடைந்தபோது 10.35. இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது. அங்கே நின்றவர்கள் கடுமையானவர்கள். “சக்கரம் உருளக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானேண்ணே? ஒருத்தர வுட்டா ஊரையே வுடணும். நீங்க நடந்து போங்க. சைக்கிளு இங்கியே கெடக்கட்டும்” என்றான் ஒருவன். என் சொற்களை அவன் எனக்கே ஒப்பித்துக் காட்டினான்.

அஞ்சலை என் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: “நீங்க மரத்து மேல ஏறிப் பேசிக்கினே இருங்க. நல்லாப் பேசுங்க. யாரும் திரும்பாத மாரி.”

ஏறினேன். பேசினேன். நூறு பேரின் முகங்களும் என்னை நோக்கி இருந்தன. அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் மிதிவண்டியைத் தோளில் தூக்கி வரப்பில் இறங்கி, மரத்தைச் சுற்றி, மீண்டும் சாலையில் ஏறிச் செல்வதைப் பார்த்தபடியே பேசினேன். அவள் வளைவில் மறைந்த பிறகும் நிறுத்த அஞ்சி அரைமணி நேரம் பேசினேன். என்ன பேசினேன் என்று இன்று ஒரு சொல்லும் நினைவில்லை.

நான் நடந்து கள்ளக்குறிச்சியை அடைந்தபோது மணி ஒன்று. அஞ்சலை நேர்காணல் நடந்த அலுவலகத்தின் படியில் அமர்ந்திருந்தாள். அவள் வந்து சேர்ந்தது 11.20-க்கு, வழியில் நான்காவதாக ஒரு மரமும் கிடந்திருக்கிறது. பதினொன்றுக்கே பெயர்களை அழைத்து முடித்து, வராதவர்களின் பெயருக்கு எதிரே கோடிட்டுவிட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே சென்று வாதாடினேன். எழுத்தர் பொறுமையாகக் கேட்டார். “அப்ஸென்ட் போட்டாச்சுங்க. இனிமே என் கையில ஒண்ணுமில்ல” என்றார்.

வெளியே வந்து, அவள் அருகே படியில் அமர்ந்தேன். அவளே பேசினாள்.

“ஊருக்குப் போனா எங்கப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க பேசுனத கேட்டிருந்தா, கவரு எங்கையில இருந்திருந்தாகூட எனக்கே மறந்துபூட்டிருக்கும்.”

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பாராட்டுகள் பெற்றிருக்கிறேன். இதற்கு இணையாக எதுவும் என்னைச் சுட்டதில்லை.

பின்னர் ஒதுக்கீடு வந்தது. அது வந்ததில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் போராட்டம் தவறு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அஞ்சலைக்கு மறுபடி அழைப்பு வரவில்லை. ஒரு நியாயத்துக்காக உயர்த்திய குரல், அந்த நியாயத்துக்கு உரியவளின் ஒரே காலையை விழுங்கியது. இரண்டும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க என்னால் இயலவில்லை.

வழி கேட்ட நண்பர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினாலும் அணைப் பிரிவில் இறங்கிக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்கு முன் கரையில் இருங்கள். மாலை ஐந்துக்கு மேல் திரும்பும் பரிசல் இல்லை. கட்டணம் ஆளுக்கு இருபது ரூபாய். அக்கரையில் உணவுக்கடை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் நீர் மிகும். மார்கழியும் தையும் ஏற்றவை. ஏழுமலை இன்று இல்லை. அஞ்சலை இருக்கிறாள், அவளைத் தேடிப்போய்க் கதை கேட்காதீர்கள்.

இன்னொன்று. புங்கமரத்தடியில் ஒரு பரிசல் எப்போதும் நீரில் கட்டிக் கிடக்கும். மற்றவை கவிழ்ந்து கிடந்தாலும், தார் காய்ந்துகொண்டிருந்தாலும், ஊரில் திருவிழாவோ இழவோ நடந்தாலும் அது கரையேறாது. ஏழுமலை இறந்த அன்றும் அது நீரில்தான் இருந்ததாம். கூட்டம் மிகுந்த நாளில் நூறு ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் அதைக் கேட்டதை இந்தத் தை மாதம் நானே பார்த்தேன். “அது ஆளுக்குன்னு கீதுங்க” என்று மட்டும் சொல்லித் திரும்பிக்கொண்டார் பரிசல்காரர். எந்த ஆளுக்கு என்று அவருக்கும் தெரியாது. இனிமேல் மடல் வரவேண்டிய யாரோ ஒருவருக்கு. நீங்கள் கரையில் அமர்ந்து, திரும்பி வரும் அடுத்த பரிசலுக்குக் காத்திருங்கள்.