முத்தாத்தாளின் வியாதிக்கு வைத்த பேர்

பெரியநாயக்கன்பாளையத்து முத்தாத்தாளுக்குப் பைத்தியம் என்று ஒரு காகிதம் சொன்னது. அவள் இல்லை என்றாள். 1936-இல் ஊரே காகிதத்தின் பக்கம்தான் நின்றது. எழுத்துக்கு இருக்கிற மவுசு பொம்பளை வாய்க்கு ஏது?

நடந்ததை அவள் மறைத்ததே இல்லை. இரண்டாவது குழந்தை பிறந்த பதினோராம் நாள் செத்துப்போனது. அதற்கப்புறம் நாலு மாதம், கிணற்றுக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை அழுவது அவள் காதில் கேட்டது. சோறு இறங்கவில்லை, தலை வாரவில்லை, பெற்ற மூத்த மகளையே யாரென்று கேட்டாள். புருஷன் சென்னிமலை வண்டி கட்டிக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனான். வெள்ளைக்கார டாக்டர் துரை கால் மணி நேரம் பார்த்துவிட்டு, நீளமாக ஒரு இங்கிலீஷ் பேரை எழுதினார். புத்தி நாளுக்கு நாள் சிதைந்துகொண்டே போகும், இது தேறுகிற வியாதி இல்லை என்று சொல்லியனுப்பினார்.

ஆனால் தேறிவிட்டாளே! தை பிறந்ததும் அழுகைச் சத்தம் நின்றது. எருமை கறந்தாள், பருத்தி எடுத்தாள், எதிர்வீட்டுக்காரியோடு சண்டையும் போட்டாள். சென்னிமலைதான் நம்பவில்லை. கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. மூன்று வயது மகளைத் தன் அக்காள் வீட்டில் விட்டுவிட்டு, மனைவியை மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி மனுக் கொடுத்தான். உத்தரவு விழுந்தால் முத்தாத்தாள் மகளை மறந்துவிட வேண்டியதுதான்.

சப் மாஜிஸ்திரேட் கச்சேரியில் விசாரணை. கேள்வி கேட்க வந்திருந்த டாக்டர் துரைக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

"இப்போது சத்தம் கேட்கிறதா?"

"இல்லீங்க. முன்ன கேட்டுதுங்க. தைக்கு அப்புறம் ஒண்ணுமில்லீங்க."

"மகளை வளர்க்க உன்னால் முடியுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்தி, சுவர்ப் பக்கம் காதைக் கொடுத்தாள். சுவரில் பல்லி கத்தியது. "முடியுமுங்க. கவுளியே சொல்லிப்போட்டுதுங்க" என்றாள் முகம் மலர்ந்து.

துரையின் பேனா ஓடியது. எழுதியதை வாசித்தும் காட்டினார்: "பேச்சின் நடுவே நிற்கிறாள். சுவரிலிருந்து பதில் வருகிறது என்கிறாள். வியாதி போகவில்லை."

முத்தாத்தாளுக்குச் சுரீரென்றது. அடப்பாவி மனுசா! கவுளி சொல்லாமல் கொங்கு நாட்டில் பெண் பார்க்கப் போகிறவன் யார், விதை போடுகிறவன் யார்?

"ஏனுங்க தொரை, கவுளி சொன்னப்ப மேசைய வெரல்ல தட்டுனது ஆருங்க? எசமானுங்க!"

மாஜிஸ்திரேட் மேசைமேலிருந்த கையை இழுத்துக்கொண்டார்.

"பெஞ்சைத் தட்டுனது எங்க ஊட்டுக்காரரு. கதவைத் தட்டுனது சேவகரு. எங்க நாலு பேத்தையும் ஒரே ரயில்ல மெட்ராஸுக்கு அனுப்பிப்போடுங்க! நான் மட்டும் எதுக்குங்க?"

துரை மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். "பல்லி சொன்னால் தட்டுவது இங்கே எல்லோரும் செய்வதுதான்" என்று மாஜிஸ்திரேட் முணுமுணுத்தார்.

துரை விடவில்லை. "அப்படியானால் போன வருஷம் வந்தது என்ன? அந்த வியாதி வந்தவர்கள் தேறுவதில்லையே."

"தேறாதுன்னு நீங்க சொன்னீங்க. நான் தேறிப்போட்டேனுங்க. தப்பு என்ர மேலயா, நீங்க வெச்ச பேரு மேலயா?"

"வேறென்ன பேர் எழுதச் சொல்கிறாய்?" கேட்டதில் கோபம் பாதி, சங்கடம் பாதி. பிரசவக் காய்ச்சலா, துக்கமா, சித்தப்பிரமையா, அவருக்கே பிடிபடவில்லை.

"தெரியலீன்னா தெரியலீன்னு எழுதுங்க. தெரியாததுக்குப் பேரு வெச்சுத்தானுங்க என்ர புள்ளையப் பிரிச்சீங்க?"

துரை அந்த நீளமான பேரை அடித்துவிட்டு, பக்கத்தில் ஏதோ எழுதி நீட்டினார். மாஜிஸ்திரேட் அதைத் தமிழில் வாசித்தார்: "வியாதி: தெரியவில்லை." மனு தள்ளுபடி ஆனது.

சென்னிமலை வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றான். "ஏறு அம்மணி, ஊட்டுக்குப் போலாம்."

"ஊட்டுக்கா? மொதல்ல உங்கக்கா ஊட்டுக்கு ஓட்டுங்க. என்ர கண்ணு அங்கதான இருக்கறா!"

அவன் மாட்டைத் திருப்பினான்.