மூன்று கட்டத்துக்குள் அடங்காத நம்பர்

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஆள் பதிவேட்டில் எனக்குப் போட்ட செக்ரோல் நம்பர் எப்படி இருக்கும் என்று தெரியும்: ஒரு கோடு, பின்னால் மூன்று வட்டம். ஆயிரம். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அந்த நம்பரைத் தொட்ட முதல் ஆள் நான்தான். நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சித்திரபுரத்தில் கட்டிக்கொடுத்த அக்காளுக்குக்கூட ஆள்விட்டுச் சொன்னேன். அவள் பொறாமைக்காரி, அது வேறு கதை.

எழுபதுகளில் எங்கள் வேலைநாள் கணக்கைத் தலைமை ஆபீசில் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். ஓட்டை போட்ட அட்டைகளைப் படிக்கிற மிஷினாம். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் என் நம்பருக்கு மூன்று வட்டம்தான் இருந்தது. எனக்கு அப்போது எட்டு மாதம். வேலைநாள் சரியாக இருந்தால்தான் பேறுகால லீவு. ஆபீசுக்கு ஓடினேன்.

"முன்னால நிக்கிற கோடு எங்க சார்?"

கிளார்க்கு நிமிரவே இல்லை. "மிஷின்ல நம்பருக்கு மூணு கட்டந்தாம்மா. முன்னால உள்ளதை வெட்டிருச்சு."

"வெட்டுனா?"

"மூணு சைபர் மேனேஜர் துரையோட நம்பர். துரைக்கு நாள் போடுறதில்ல. அதான் உனக்கும் ஒரு நாளும் விழலை."

"அப்ப நான் பங்களாவுக்குப் போயிக்கிடுதேன். துரையக் கூடை தூக்கச் சொல்லுங்க!"

பக்கத்தில் நின்ற, எங்களை வேலை வாங்கும் கங்காணி சிரித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நான் பறித்த கொழுந்தெல்லாம் யார் பறித்தது?

"ஏட்டி, கத்தாத. எம் புத்தகத்துல உன் நாளெல்லாம் இருக்கு" என்றார் கங்காணி.

அதைப் பார்த்து எழுதி, வேலையை விட்டு ஊருக்குப் போன ஒருத்தருடைய மூன்று கட்ட நம்பரை எனக்குக் கொடுத்தார் கிளார்க்கு. தீர்ந்தது என்று வந்தேன். பதினைந்து நாளில் தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கிளார்க்கு வாசித்தார்: இது ஆண் தொழிலாளியின் நம்பர், பேறுகால லீவு கிடையாது.

வயிற்றோடு மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "இது ஆம்பளை வயிறா சார்? நல்லாப் பாத்து எழுதுங்க."

அவர் கையாலேயே ஒரு விளக்கம் எழுதி அனுப்பினார். நான் கொழுந்துக்குப் போய்க்கொண்டே இருந்தேன். வலி எடுத்த அன்று காலையிலும் ஒரு கூடை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். லீவு கொடுத்த கடிதம் வந்தபோது பிள்ளைக்குத் தலை நின்றுவிட்டது.