இடப்பக்கமே ஓடிய வீரன்

புதுக்கோட்டையில் வீடியோ கேம் கடை வைத்திருந்தவர், கடையை மூடிப் பல வருஷம் கழித்து, குடோனில் கிடந்த ஆளுயர மெஷின் ஒன்றை எனக்குக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போனாப் போதும் சார், எடத்த அடைக்குது" என்றார். அறந்தாங்கியில் என் வீட்டு மாடிப்படியில் அது ஏறாது. மணமேல்குடியில் தங்கை வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டேன். தங்கையின் கணவர் குவைத்தில் பல வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்து திரும்பியவர். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். எங்கள் இருவருக்கும் தெரியாத கரண்டா என்று நினைத்தோம்.

பிளக்கை மாட்டியதும் திரை பளிச்சென்று வந்தது. வாளோடு ஒரு வீரன் நின்றான். ஆட்டம் தொடங்கியதுமே, ஆட்டத்தை நடத்தும் ஜாய்ஸ்டிக் குச்சியை யாரும் தொடாமல், இடப்பக்கம் ஓட ஆரம்பித்தான். எதிரிகள் வருவதோ வலப்பக்கத்திலிருந்து. இவன் திரையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்க, ஒருவன் நிதானமாக வந்து முதுகில் வெட்டினான்.

"எர்த் சரியில்ல மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"போர்டுல ஏதோ சிப்பு போயிருக்கு மாப்ளே" என்றேன் நான்.

முதலில் அவர் கட்சி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் இடுப்பளவு குழி வெட்டி, கரியும் கல்லுப்பும் கொட்டி, புதுசாக எர்த் கம்பி இறக்கினோம். சாயங்காலம் தங்கை ஓடி வந்தாள். "அண்ணே, வாஷிங் மெஷின்ல சுருக்கு சுருக்குன்னு ஷாக் அடிச்சது நின்னுருச்சு!" வீரன் இடப்பக்கமே ஓடினான்.

அப்புறம் என் முறை. இணையத்தில் பழைய மெஷின் பைத்தியங்கள் கூடும் ஓர் இடத்தில் கேட்டேன். ஒவ்வொரு சிப்பின் ஒவ்வொரு காலிலும் மீட்டர் வைத்து அளக்கச் சொன்னார்கள். நாலு பக்கத்துக்கு அட்டவணை போட்டேன். அதில் குச்சியை அசைக்கும்போது கேட்கும் சத்தத்துக்குக்கூட ஒரு வரி உண்டு. மேலே: டக். கீழே: டக். வலம்: டக். இடம்: ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை. அப்படி எழுதிவிட்டு, ஃபேனை நிறுத்தத் தோன்றாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

கடல் காற்றின் ஈரம் என்று சந்தேகப்பட்டு, தங்கை தலை காய வைக்கும் டிரையரை போர்டுக்குக் காட்டினோம். இன்வெர்ட்டரில் ஓட்டினோம். பக்கத்து வீட்டு மோட்டாரை அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னோம். "என்ன சார், கரண்டுக்காரங்க வாராங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோனார்.

கடைசியில் மாப்பிள்ளை, "செல்போன் டவர் அலைதான் போர்டக் குழப்புது. தகரத்தால மூடிருவோம்" என்றார். பிஸ்கட் டின்னை வெட்டி மூடி செய்தோம். அதை முடுக்க இரண்டு ஸ்குரு குறைந்தது. குச்சி இருக்கும் பலகையில் நாலு ஸ்குரு இருந்தன. "அதுல ரெண்ட எடுங்க, அது சும்மா குச்சிதானே" என்றேன்.

இரண்டைக் கழற்றியதும் பலகை ஒரு பக்கமாகச் சரிந்தது. உள்ளேயிருந்து மண் உருண்டை ஒன்று மாப்பிள்ளை மடியில் விழுந்து உடைந்தது. குளவிக் கூடு. குடோனில் கிடந்த காலத்தில், ஒயர் போகும் ஓட்டை வழியாகக் குளவி நுழைந்து, குச்சியின் இடப்பக்க ஸ்விட்சை அமுக்கியபடி கூடு கட்டிவிட்டுப் போயிருக்கிறது.

இருவரும் நிமிர்ந்து திரையைப் பார்த்தோம். வீரன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

"இது மட்டுமே காரணமா இருக்காது மச்சான்" என்றார் மாப்பிள்ளை, மடியில் கிடந்த மண்ணைத் தட்டிவிட்டபடி.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. இவ்வளவு அளந்த பிறகு, பதில் வெறும் மண் என்றால் மனசு ஏற்கவில்லை. மீட்டரை எடுத்து மறுபடி முதல் சிப்பில் வைத்தேன்.

பலகை சரிந்த சத்தம் கேட்டு வந்த தங்கை, தரையில் கிடந்த மண்ணையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தள்ளுங்க ரெண்டு பேரும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீரன் முதல் தடவையாக வலப்பக்கம் நடந்தான். எதிர்ப்பட்டவனை ஒரே வெட்டில் சாய்த்தாள். நாங்கள் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் நின்று, "குதி, குதி!" என்று கத்திக்கொண்டிருந்தோம்.