புதன்கிழமைப் புதிரும் பொரளை ஓட்டோவும்

முதியவர்களை எண்களோடு விளையாட வைப்பதுதான் என் தொழில். அது விளையாட்டு என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. வெள்ளவத்தையில் ஒரு பகல்நேர முதியோர் நிலையம். காலையில் பத்திரிகையில் வரும் சுடோகுவைப் பிரதி எடுத்து மேசைக்கு மேசை கொடுப்பேன். அப்பாவுக்குப் புது போன் பழக்கிய எவருக்கும் என் நிலை புரியும்.

சத்தம்

எனக்கு இயல்பாகவே மெல்லிய குரல். முதல் நாள் கால் மணி நேரம் விதிகளை விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பெருமையோடு நிறுத்தினேன். முன்னால் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வாய் வடிவா அசையுது தம்பி. இனிச் சத்தத்தையும் போடும்."

பேனை

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் பெர்னாண்டோ அங்கிள் துறைமுகத்தில் சாமான் கணக்கெடுத்தவர். மனைவி போனபின் தனியாக இருக்கிறார். பென்சிலை நீட்டினேன், தொடவில்லை. பேனையால்தான் நிரப்பினார். பிழைத்தால் அழிக்க முடியாதே என்றேன். "கப்பல் வெளிக்கிட்ட பிறகு ஆர், மகன், அழிக்கிறது?"

படம்

முடித்த கட்டத்தை அங்கிள் படம் எடுத்துப் பாமன்கடையில் இருக்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அது வெறும் பழக்கமில்லை, ஒப்பந்தம். ஒரு நாள் பஸ் தரிப்பு மாறி இறங்கி அலைந்ததிலிருந்து, வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மகள் ஒற்றைக்காலில் நிற்கிறார். நாள் தவறாமல் படம் போய்க்கொண்டிருக்கும்வரை கொட்டாஞ்சேனை வீட்டில் அவர் இருக்கலாம். கஷ்டமென்றால் டீச்சரைக் கேளுங்கோ என்றேன். "அவ சொல்லித் தந்தா, அவவின்ர மூளையையெல்லோ என்ர மகள் பார்ப்பா."

புதன்கிழமை

ஒரு புதன்கிழமை அறையில் பேச்சே இல்லை. தேத்தண்ணி ஆறியது. டீச்சர் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மற்றவர்களும் அப்படியே. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அங்கிள் பேனையை மூடினார். படம் போகவில்லை. வெளிக்கிடும்போது என் தோளைத் தொட்டார்: "இண்டைக்கு என்ர மண்டை வேலைநிறுத்தம், மகன். மகளிட்டைச் சொல்லாதையும்."

பொரளை

சொல்லத் தேவை இருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே மகள் நிலையத்துக்கு ஓட்டோவோடு வந்துவிட்டார். முதலில் பொரளையில் டாக்டர், அப்படியே பாமன்கடை என்பது அவர் முடிவு. அங்கிளின் பையிலிருந்த நேற்றைய தாளை எடுத்துப் பார்த்து, "இது லேசுதானே அப்பா" என்று உட்கார்ந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர். அரை மணித்தியாலம் போனது. நெற்றி வியர்த்தது. "எனக்கும் வருதில்லையே" என்றார்.

அதற்குள் நான் அன்றைய பத்திரிகையைப் பிரித்திருந்தேன். மூலையில் சின்னத் திருத்தம்: நேற்றைய புதிரில் எட்டு வரவேண்டிய இடத்தில் மூன்று அச்சாகிவிட்டதாம். அதை யாராலும் முடித்திருக்க முடியாது. ஆனால் பத்திரிகையைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அறை முழுக்க அவரவர் மூளையைத்தான் சந்தேகித்திருக்கிறார்கள். அங்கிளின் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன். என் குரல் முதன்முதலாக உதவியது, மகளுக்குக் கேட்கவில்லை. அங்கிளின் முகம் மாறவேயில்லை. மகளின் கைப்பையை எடுத்து அவரிடமே நீட்டினார்: "எழும்பு மகள், ஓட்டோ நிக்குது. பொரளையில டாக்டரைப் பார்க்க ரெண்டு பேருக்கும் நம்பர் எடுப்பம்."

ஓட்டோ மகளை மட்டும் ஏற்றிக்கொண்டுதான் திரும்பியது, அங்கிள் இன்றும் கொட்டாஞ்சேனை பஸ்ஸில்தான் வருகிறார். புதிர் மூளையைக் கூராக்குமோ தெரியாது, நாக்கை மழுங்க விடாது என்பதற்கு நான் சாட்சி.