இறைப்புக்கு இறைப்பு, பறப்பு சும்மா

கொழும்பில் விமானம் ஓட்டப் பழகி, சம்பளத்துக்கு ஓட்டும் லைசென்சும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது, இனி வானம் முழுக்க என்னுடையதுதான் என்று நினைத்தேன். அடுத்த மாதம் கொழும்புக் கொம்பனி ஒன்றில் வேலை. லைசென்சைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

அதை முதலில் முழுதாக வாசித்தவர் அத்தான். அக்காவின் புருஷன், கோட்டில் வழக்குப் பார்க்கும் பிறக்கிராசி. கலியாணக் கடிதத்தைக்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பவர்.

“தம்பி, கொம்பனி உம்மை வேலைக்கு வைச்சால் ஓட்டலாம். நீரே பிளேனைக் கொண்டுவந்து சனத்தை ஏத்திக் கூலி வாங்க ஏலாது. அதுக்கு வேறை அனுமதி வேணும்.”

“காசு வாங்காட்டி?”

“தேங்காய் வாங்கினாலும் கூலிதான். லைசென்ஸ் போயிடும்.”

பறப்புக் கழகத்தின் இரண்டு இருக்கை விமானத்தைக் கேட்டு வாங்கிவந்து சண்டிலிப்பாய்க்கு அப்பால் புல்வெளித் தரவையில் இறக்கியிருந்தேன். அதைச் சும்மா நிறுத்தி வைக்க மனம் வருமா? அயல் தோட்டக்கார அண்ணையை முதல் ஆளாக ஏற்றினேன். மேலே போனதும் பயமெல்லாம் பறந்துவிட்டது. இறங்கியதும் கேட்டார்:

“என்ரை புகையிலையிலை கிழக்கு மூலை வெளிறிக் கிடக்கு, கண்டனீரோ? சரி, எவ்வளவு தரவேணும்?”

“ஒண்டும் வேண்டாம் அண்ணை. சும்மாதான்.”

“சும்மாவோ?” முகம் சுருங்கிப் போனார்.

மறுநாள் விடியக் கிணற்றடியில் ஒரே சத்தம். அண்ணை எங்கள் ஏற்றத் துலாவில் ஏறி மிதிக்கிறார். அவருடைய ஒரு தம்பி தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிக்கிறான், மற்றவன் பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிறான். என்னைப் பெற்ற ஐயா ஆனந்தமாகக் கோப்பி ஊற்றிக்கொடுக்கிறார். பாதித் தோட்டம் நனைந்துவிட்டது. எனக்கோ கொம்பனி வேலையே அந்த வாய்க்காலில் ஓடுவதுபோல் இருந்தது.

“போச்சு,” என்றார் பின்னால் வந்த அத்தான். “இது தேங்காயைவிட மோசம்.”

“அண்ணை, இறங்குங்கோ! இது கூலியாப் போயிடும்!”

துலா நின்றது. “கூலியோ? ஆரைப் பாத்துக் கூலி எண்டுறீர்? நான் கூலிக்கு இறைக்கிற ஆளோ?”

அத்தானின் கண்கள் மின்னின. “அப்ப இது என்ன?”

“மாறி மாறிச் செய்யிறதுதானே, ஊரிலை இல்லாததோ? நாளைக்கு உங்கடை ஆக்கள் வந்து எனக்கு இறைப்பினம்.”

“அப்பிடிச் சொல்லுங்கோ! இறைப்புக்கு இறைப்பு. பறப்பு இதுக்குள்ளை வராது.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, நாளைக்கு நீர்தான் போறீர்.”

போனேன். வானத்தில் நடுங்காத கால் துலாமரத்தில் நடுங்கியது. கீழே நின்ற அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“பிளேனைச் சரிச்சுச் சரிச்சு ஓட்டினீர், இதிலை ஏன் உந்த நடுக்கம்?”

“அதிலை இடுப்புக்கு வார் இருக்கு அண்ணை!”

வெயில் ஏறுமுன் கிழக்கு மூலைக்கும் தண்ணீர் பாய்ந்துவிட்டது. உள்ளங்கை கொப்பளித்திருந்தாலும் மனம் பஞ்சாக இருந்தது. லைசென்ஸ் என்னுடையதுதான்.

“இப்ப இறைப்புச் சரி,” என்றார் அண்ணை. “அண்டைக்குப் பறந்தது?”

“அது சும்மா.”

இந்த முறை முகம் சுருங்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

“சும்மா எண்டால், கொழும்புக்குப் போக முன்னம் இன்னொருக்கா ஏத்தும். அந்த மூலை பச்சை பிடிச்சிட்டுதோ எண்டு மேலை நிண்டு பாப்பம்.”